நெல்லைக் கடைகளில் பிள்ளைகளுக்கான ஸ்கிப்பிங் கயிறு: எதை வாங்கலாம், எதை விடலாம்

பாளையங்கோட்டை மார்க்கெட், ஜங்ஷன், டவுன் ரத வீதி என்று எந்தப் பக்கம் போய், "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு குடுங்க" என்று கேட்டாலும், பெரும்பாலும் கைக்கு வருவது ஒன்பதடிக் கயிறுதான். அது ஆறடி உயரமுள்ள ஆளுக்கான நீளம். நாலடி உயரமுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவை ஆறடி, மிஞ்சிப்போனால் ஆறரை அடி. மீதி இரண்டரை அடியும் தரையில் புரளும், காலில் சுற்றும், சுழற்றினால் அலை அலையாக வரும். "ஒரு வாரம் ஆடினான், அப்புறம் தொடவே இல்லை" என்று வீடுகளில் சொல்லும் குறைக்கு முதல் காரணம் இந்த நீளம். இரண்டாவது காரணம் கயிற்றின் கனம். பிராண்டும் நிறமும் பிடியில் ஒட்டிய கார்ட்டூன் படமும் அதற்கெல்லாம் வெகு பின்னால்தான்.

ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து, இங்கே கிடைக்கும் ரகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விலைகள் சுமாரானவை, கடைக்குக் கடை மாறும். ஆனித் திருவிழாக் கடைகளில் பேரம் பேசினால் இன்னும் குறையும். ஆனால் அங்கே வாங்குவதில் பிடி கழன்று வருகிறதா என்று நின்று இழுத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

மரப்பிடி போட்ட நூல் கயிறு

60 முதல் 100 ரூபாய். பார்க்க அழகு, கையில் பிடிக்கச் சுகம், காலில் பட்டால் வலிக்காது. குறை என்னவென்றால், கனம் போதாது. கயிறு தலைக்கு மேலே போய்க் கீழே இறங்கும்போது அதன் எடைதான் அதை வில் போல விரித்து வைக்கிறது. நூல் கயிறு லேசாக இருப்பதால் மேலே போனதும் துவண்டுவிடும். சாயங்காலக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே மொட்டைமாடியில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பிள்ளை அதைச் சுற்றுவதற்காகக் கையை அகல விரித்து, தோளிலிருந்து வீசத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மழையில் நனைந்தால் எதிர்ப்பக்கம் போகும்: தண்ணீர் குடித்துக் கனத்து, நீண்டு, ஐப்பசி அடைமழையில் பூஞ்சை நாற்றமும் சேரும். பிடிக்குள்ளே கயிறு சுழலுவதற்கு வழி இல்லாமல் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தால், இருபது சுற்றில் கயிறே முறுக்கிக்கொள்ளும். வாங்குவதானால் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில், பிடிக்குள் முடிச்சு தாராளமாகத் திரும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் தரையில் போட்டுத் தாண்டி விளையாட இது போதும். தொடர்ந்து சுற்றித் தாண்டக் கற்பதற்கு இதைச் சொல்ல மாட்டோம்.

பி.வி.சி. கயிறு

80 முதல் 200 ரூபாய். உள்ளூரில் உடனே கையில் கிடைப்பதில் இதுதான் முதல் தேர்வு. நாலரை முதல் ஐந்து மில்லிமீட்டர் தடிமன், உள்ளே ஓட்டை இல்லாத கெட்டிக் கயிறாக இருக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் கெட்டிக் கயிறு இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். வில் குலையாமல் சுற்ற அந்தக் கனம் போதும். உள்ளே குழாய் போல ஓட்டையுள்ள மலிவுக் கயிறும் இதே விலையில் தொங்கும். நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலால் நசுக்கினால் அமுங்கும். சுற்றும்போது மடிந்து உடையும்.

புதுக் கயிற்றைப் பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் மடிப்பு மடிப்பாக இருக்கும். அப்படியே ஆடவிட்டால் அந்த மடிப்பு தரையில் தட்டித் தாளத்தைக் கெடுக்கும். நம்ம ஊர் வெயிலுக்குப் பத்து நிமிஷம் நீட்டிப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து நிதானமாக இழுத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகிவிடும். மழைக்காலமானால் சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம். வேலை முடிந்ததும் மடித்து டிராயரில் திணிக்காமல் ஆணியில் நீளமாகத் தொங்கவிட வேண்டும். அதே வெயிலில் சித்திரை மாதம் பகல் முழுக்கக் கிடந்தால் கயிறு இளகி நீளும். பிறகு வறண்டு வெடிக்கும். ஆகவே, வெயிலில் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

பிடியைப் பொறுத்தவரை, மேலே ஸ்பாஞ்ச் சுற்றியது வியர்வையில் நாறும், ஆறு மாதத்தில் பிய்யும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் பிடியே மேல். பிள்ளையின் கைக்கு 12 முதல் 14 செ.மீ. நீளமும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றிப் பிடித்தால் தொடுகிற பருமனும் போதும். பெரியவர்களுக்கான தடித்த பிடியைப் பிள்ளை இறுக்கிப் பிடிக்க நேரும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு சுழலாது.

மணிக்கயிறு

நைலான் கயிற்றில் ஒரு அங்குல நீளப் பிளாஸ்டிக் குழாய் மணிகளைக் கோத்தது. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கயிறு இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. கனம் உண்டு, முறுக்காது, காற்றில் ஒதுங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சுற்றிலும் தரையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிள்ளை கண்ணால் கயிற்றைத் துரத்தாமல் காதால் பிடிக்கும். சத்தம் வந்ததும் தாண்டு என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. ஒரு மணி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பிள்ளை வளர்ந்தால் நாலு மணி சேர்க்கலாம்.

இங்கே கடைகளில் அரிதாகத்தான் தென்படும். ஆன்லைனில் 250 முதல் 500 ரூபாய் வரை ஆகும். வாங்கும்போது மணி வளைகிற ரகமா, உடைகிற ரகமா என்பதைக் கவனியுங்கள். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கி மீள வேண்டும். கண்ணாடி போல விறைப்பாக இருந்தால் சிமெண்டுத் தரையில் நடுப்பகுதி மணிகள் சீக்கிரம் சில்லு சில்லாகும்.

செலவைக் குறைக்க வீட்டிலேயே செய்யலாம். ஹார்டுவேர் கடையில் நாலு மில்லிமீட்டர் நைலான் கயிறு மூன்று மீட்டர், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ட்யூப் இரண்டு மீட்டர், முக்கால் அங்குல எலக்ட்ரிக்கல் பைப் ஒரு அடி, கயிறு நுழையுமளவு ஓட்டையுள்ள வாஷர் நாலு, பைப்புக்கான மூடி இரண்டு. ட்யூபை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக, வெட்டுமுகம் சாயாமல் நறுக்கிக்கொள்ளுங்கள். சாய்ந்திருந்தால் துண்டுகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பைப்பை 13 செ.மீ. வீதம் இரண்டாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுப்ப வேண்டும். மூடியின் நடுவே கயிறு தாராளமாகப் போகுமளவு ஓட்டை போட்டு, கயிற்றை நுழைத்து, உள்பக்கம் இரண்டு வாஷர் கோத்து, அப்புறம் முடிச்சு. முடிச்சு நேரே மூடியில் உரசாமல் வாஷரின் மேல் திரும்புவதால் கயிறு முறுக்காது. நைலான் நுனியை நெருப்பில் காட்டி உருக்காவிட்டால் முடிச்சு தானாக அவிழும். கடைசியாக மூடியைப் பைப்பில் சொல்யூஷன் போட்டு ஒட்டுவதற்கு முன் நீளத்தைச் சரிபார்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு திறக்க வழியில்லை. இன்னொரு எச்சரிக்கை: துண்டுகளை நெருக்கமாகக் கோத்து இறுக்கினால் கயிறு கம்பி போல விறைக்கும். மொத்தத்தில் இரண்டு அங்குலம் தளர்ச்சி விட வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிறவர்களிடம் சொல்லி ஒரு ஜோடி மரப்பிடி கடைந்து வாங்கினால் பைப் துண்டைவிடக் கைக்கு இதமாக இருக்கும். அது ஆசைக்கு, அவசியமில்லை.

கம்பிக் கயிறு

200 முதல் 500 ரூபாய். இரண்டரை மில்லிமீட்டர் இரும்புக் கம்பிச் சரத்தின் மேல் பிளாஸ்டிக் உறை, பிடியில் பேரிங். கடைக்காரர்கள் "இதுதாங்க ஃபாஸ்ட்" என்று எடுத்துக் காட்டுவது இதைத்தான். உண்மைதான், வேகம் வரும். ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வேகம் எதற்கு? மெதுவாகச் சுற்றினால் கம்பி வளைவு காட்டாது. வேகமாகச் சுற்றினால் பிள்ளையின் கால் ஈடுகொடுக்காது. தப்பினால் கணுக்காலில் சுளீரென்று விழும், சிவந்த கோடு மறுநாளும் இருக்கும். இரண்டு முறை அப்படி அடி வாங்கிய பிள்ளை மூன்றாம் முறை கயிறு வரும்முன்பே பயந்து உயரமாக எகிறும். உயரமாக எகிறுவதுதான் தாளம் கெடுவதற்கு முதல் படி.

சிமெண்டுத் தரையில் உறை தேய்ந்து உள்கம்பி இழை வெளியே நீட்டிக்கொள்ளும். அது ஊசி போலக் குத்தும். உறை கிழிந்த கம்பிக் கயிற்றை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக் கூடாது. கம்பியை மாற்ற வேண்டும், இல்லையேல் குப்பைக்கு. தொடர்ந்து நூறு தாண்டல் தப்பாமல் போடுகிற, பத்துப் பன்னிரண்டு வயதான பிள்ளைக்கு, அதுவும் ஷூ போட்டுக்கொண்டால் மட்டுமே கம்பிக் கயிறு.

கவுண்டர் வைத்த கயிறு

பிடியில் எண் ஓடும் ரகம். பிள்ளைகளுக்கு இதில்தான் கண் போகும், பெற்றோருக்கும் "எத்தனை போட்டே?" என்று கேட்க வசதி. சக்கரம் சுற்றும் சாதாரணக் கவுண்டரானாலும், திரையில் எண் காட்டும் டிஜிட்டலானாலும், பொதுவாக அது எண்ணுவது கயிற்றின் சுற்றை. பிள்ளை தாண்டியதை அல்ல. கயிறு காலில் மாட்டி நின்ற சுற்றும் கணக்கில் ஏறும், சும்மா பக்கவாட்டில் சுற்றினாலும் ஏறும். புத்திசாலிப் பிள்ளைகள் இதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிஜிட்டலில் கவனிக்க வேண்டியது வேறொன்று: உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. சின்னப் பிள்ளை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருந்தால், மூடியில் ஸ்க்ரூ இல்லாத டிஜிட்டல் கயிற்றை வாங்கவே வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கயிறே இல்லாமல் பிடியில் ஒரு குண்டு மட்டும் தொங்கும் ரகத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தட்டாத கயிற்றில் தாண்டிப் பிள்ளைக்கு நேரம் பார்க்க வராது.

நீளம் பார்ப்பது

கயிற்றின் நடுவை ஒரு பாதத்தால் மிதித்து, இரண்டு பிடிகளையும் உடம்போடு ஒட்டி மேலே இழுக்கச் சொல்லுங்கள். பிடியின் மேல்நுனி அக்குளுக்கும் தோளுக்கும் இடையில் நின்றால் கற்றுக்கொள்பவருக்குச் சரியான அளவு. நன்றாகத் தாண்ட வந்த பிறகு நெஞ்சு மட்டத்துக்குக் குறைக்கலாம். கடையில் பிள்ளை கூட இல்லையென்றால் கணக்கு எளிது: உயரத்தில் ஒன்றரை மடங்கு, அதோடு 15 செ.மீ. சேர்த்தால் பிடியும் சேர்ந்த மொத்த நீளம். 110 செ.மீ. பிள்ளைக்கு சுமார் 180, 120-க்கு 195, 130-க்கு 210, 140-க்கு 225, 150-க்கு 240 செ.மீ.

நீளத்தைக் குறைக்க ஆளாளுக்கு ஒரு வழி செய்கிறார்கள். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது அதில் மிக மோசமானது. பிடி சுழலாது, விரல் நசுங்கும். கயிற்றின் நடுவில் முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு தரையில் குதித்து முகத்துக்கு வரும். பிடிக்கு வெளியே, பிடியை ஒட்டி முடிச்சுப் போட்டால் சுழற்சி நிற்கும். சரியான இடம் பிடிக்கு உள்ளே: பெரும்பாலான பி.வி.சி. கயிறுகளில் பிடியின் பின்மூடியைத் திருகினால் திறக்கும். கயிற்றை வேண்டிய அளவு இழுத்து, அங்கே இருக்கும் கிளிப்பையோ வாஷரையோ நகர்த்தி, அதற்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும். மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடாமல் பிடிக்குள் அடங்குமளவு விட்டுவையுங்கள். இந்த வயதில் பிள்ளை ஆண்டுக்கு ஐந்து ஆறு செ.மீ. வளரும், கயிறு எட்டு ஒன்பது செ.மீ. கூட வேண்டிவரும். பள்ளி திறக்கும் ஜூனில் ஒருமுறை அளந்து பார்ப்பது வசதி.

பின்மூடி திறக்காத, அச்சில் வார்த்த பிடி உள்ள கயிறு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தாண்டக் கற்றுக்கொடுப்பது

கயிற்றைக் கொடுத்துவிட்டு "தாண்டு" என்றால் நடக்காது. முதலில் கயிறே இல்லாமல், இருந்த இடத்தில் இரு காலும் சேர்த்துப் பத்துக் குதி. தரையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. எழுந்தால் போதும், கயிற்றின் தடிமன் அரை சென்டிமீட்டர்தானே. முன்பாதத்தில் இறங்கி, முழங்கால் லேசாக மடிய வேண்டும். இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள். குதிகாலில் 'தொம்' என்று விழும் பிள்ளை உடனே திருத்திக்கொள்ளும்.

அடுத்து, இரண்டு பிடியையும் ஒரே கையில் பிடித்துப் பக்கவாட்டில் சுற்றுவது. கயிறு தரையில் தட்டும் நேரத்தில் குதிக்க வேண்டும். காலில் மாட்ட எதுவும் இல்லாததால் பயமில்லை. வலக்கையில் இருபது, இடக்கையில் இருபது. இடக்கை தடுமாறும், அந்தக் கைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். பின்னால் ஒரு பக்கம் கயிறு சாய்வதற்கெல்லாம் காரணம் இந்தச் சோம்பல் கைதான்.

மூன்றாவது, கயிறு குதிகாலுக்குப் பின்னால் கிடக்க, தலைக்கு மேல் வீசி, முன்னால் விழவிட்டு, நின்று, பிறகு அதைத் தாண்டுவது. வீசு, நில், தாண்டு. இந்த 'நில்' படியைத் தவிர்த்துவிட்டு அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். பத்து முறை வந்ததும் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் வீச்சும் தாண்டலும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தொடர்ந்து இரண்டு, மூன்று, ஐந்து. ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு குதி, அதாவது நடுவில் ஒரு சின்னத் துள்ளல், போட்டால் போடட்டும். வேகம் கூடும்போது அது தானாகக் கழன்றுவிடும்.

கைகள் இடுப்பு மட்டத்தில், கொஞ்சம் முன்னால், முழங்கை விலாவை ஒட்டி, சுற்றுவது மணிக்கட்டு. முழங்கை விலகினால் இரண்டு அக்குளிலும் கைக்குட்டையை இடுக்கிக்கொண்டு சுற்றச் சொல்லுங்கள். கீழே விழாமல் இருபது சுற்று வந்தால் முழங்கை அடங்கிவிட்டது என்று பொருள்.

எங்கே தப்புகிறது என்பதைக் கயிறு மாட்டும் இடமே சொல்லும். முதல் ஐந்து சுற்று நன்றாகப் போய் ஆறாவதில் கால்விரலில் மாட்டினால், சோர்வில் கைகள் அகன்றுவிட்டன. கை அகன்றால் கயிறு குட்டையாகும். தலையில் தட்டினால் கயிறே குட்டை, அல்லது கை மிக மேலே. பாதத்துக்கு அடியில் மாட்டினால் சீக்கிரமே குதித்து இறங்கிவிட்டது. கயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்து தோளில் உரசினால் ஒரு கை மற்றதைவிட உயரத்தில். குதிக்கும்போது குதிகாலைப் பின்புறம் உதைக்கிற பிள்ளையை ஒரு சுவரிலிருந்து ஓரடி தள்ளி முதுகு காட்டி நிறுத்தி, கயிறில்லாமல் குதிக்கச் சொல்லுங்கள். பாதம் சுவரில் பட்டால் தானே தெரியும். காலைப் பார்த்துக் குனிகிற பிள்ளைக்கு எதிரே, கண் மட்டத்தில், நீங்கள் போய் நின்றாலே போதும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனிக்கயிறு வராவிட்டால் கவலை வேண்டாம். அந்த வயதில் கையும் காலும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது கஷ்டம். நாலைந்து மீட்டர் நீளமுள்ள பழைய கிணற்றுக் கயிற்றை இரண்டு பேர் சுற்ற, நடுவில் பிள்ளை தாண்டட்டும். கை வேலை கழிந்துவிடும். பத்து மில்லிமீட்டர் நைலானோ நூலோ நல்லது. தென்னைநார்க் கயிறு காலைச் சிராய்க்கும்; துணிக்கொடிக் கயிறு லேசாக இருப்பதால் வில் விரியாது. தனிக்கயிறு ஆறு ஏழு வயதில் பிடிபடும். இரண்டு கால் மாற்றித் தாண்டுவது எட்டு வயதில், கை குறுக்கிட்டுச் சுற்றுவது அதற்குப் பிறகு, ஒரு குதிக்குள் இரண்டு சுற்று போடும் டபுள் பத்து வயதைத் தாண்டித்தான்.

எவ்வளவு ஆடலாம்

இது லேசான விளையாட்டு என்று நினைக்கிறார்கள், இல்லை. நிமிஷத்துக்கு 100 முதல் 120 சுற்று போட்டால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு சக்தி செலவாகும். ஓட்டப்பயிற்சிக்குச் சமம். ஆகவே நிமிஷக் கணக்கில் தொடர்ந்து ஆடவிடாமல் துண்டு துண்டாக வேண்டும். ஆறு முதல் எட்டு வயது வரை 15 வினாடி ஆட்டம், 45 வினாடி ஓய்வு, எட்டு முறை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 30 வினாடி ஆட்டம், 30 வினாடி ஓய்வு, பத்து முறை. வாரத்தில் மூன்று நாலு நாள், நடுவே ஓய்வு நாள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிஷம் உடல் உழைப்பும், அதில் எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அந்த மூன்று நாளுக்குக் கயிறு சரியான ஆள். மீதி நேரம் ஓடிப்பிடித்து விளையாடட்டும்.

முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வலி, குதிகாலின் பின்பக்கம் வலி, முழங்கால் சில்லுக்கு ஓரங்குலம் கீழே தொட்டால் வலி: வளரும் பிள்ளைகளுக்கு அளவு மீறினால் வருகிற மூன்று இவை. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் மறுபடி ஆடவிடுவது தப்பு. ஒரு வாரம் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். அப்போதும் நொண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். வீசிங் உள்ள பிள்ளைகள், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து.

உயரம் வளருமா என்ற கேள்வியைக் கடையிலேயே கேட்பவர்கள் உண்டு. சில பாக்கெட்டுகளிலும் அப்படி அச்சடித்திருக்கும். வளராது. உயரம் பரம்பரை, சாப்பாடு, தூக்கம், உடல்நலம் சார்ந்தது. தாண்டுவதால் கிடைப்பது எலும்பின் உறுதி, மூச்சுத் திறன், கைகால் ஒத்திசைவு. அதேபோல், வயசுக்கு வந்த பெண்பிள்ளை தாண்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று சில வீடுகளில் கயிற்றைப் பிடுங்கி வைக்கிறார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாதவிலக்கு நாட்களில் உடம்பு சம்மதித்தால் ஆடலாம், வலித்தால் விடலாம், அவ்வளவுதான்.

தரையும் உடுப்பும்

நம்ம ஊரில் சிறந்த தரை, தண்ணீர் தெளித்து இறுகிய மண்தரை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் போல ஒரு திடலோ, பள்ளிக்கூட மைதானமோ பக்கத்தில் இருந்தால் அதற்கு மேல் வேண்டாம். சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணல் மாதிரி இளகிய மண்ணில் கால் புதையும், கணுக்கால் மடங்கும், கயிறும் மணலை வாரி முகத்தில் இறைக்கும். புல்தரையில் கயிறு மாட்டும். மொட்டைமாடித் தட்டோடு, சிமெண்டு இரண்டும் கடினம். அங்கே ஆடுவதானால் ஷூ கட்டாயம், காலை ஆறரை மணியோ மாலை ஐந்தரைக்குப் பிறகோ. கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இல்லாத மாடியில் ஆடவே கூடாது. வீட்டுக்குள் பட்டாசலில், அதாவது ஹாலில், ஆடினால் முன்னும் பின்னும் ஒன்றரை மீட்டர் காலி இடம் வேண்டும். டிவி அந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது.

கடினத் தரைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பத்தமடைப் பாயை விரிக்கிறார்கள். கோரைப்பாய் சிமெண்டில் வழுக்கும். அதோடு ஒரே வாரத்தில் பாயும் பிய்யும். யோகா மேட்டும் மெல்லியதானால் கயிறு பட்டு நகர்ந்துகொண்டே போகும். ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத ரப்பர் மேட், நாலு மூலையும் ஒட்டியது, சரியாக இருக்கும்.

பாட்டா செருப்பும் ரப்பர் செருப்பும் கூடாது. கயிறு செருப்புக்கும் பாதத்துக்கும் இடையில் நுழைந்து தடுக்கும். பள்ளிக்கூடக் கறுப்பு ஷூ விறைப்பானது. முன்பாதத்தில் மெத்தையுள்ள சாதாரண விளையாட்டு ஷூ, லேஸ் இரட்டை முடிச்சோடு. மண்தரையில் வெறுங்கால் நல்லதுதான், கல்லும் முள்ளும் இல்லாவிட்டால். கொலுசைக் கழற்றிவிடுங்கள்: கயிறு மாட்டினால் கணுக்காலைக் கீறும், கொலுசும் அறும். இரட்டைச்சடை தொங்கினால் கயிறு சடையில் சுற்றும். மடித்துக் கட்டிவிட வேண்டும். பாவாடை வேண்டாம், பேண்ட் போதும்.

எதை எப்போது மாற்றுவது

பி.வி.சி. கயிறு நடுவில்தான் தேயும். தரையில் தட்டும் இடத்தில் ஓரடி நீளத்துக்குத் தட்டையாகி, பாதித் தடிமன் போயிருந்தால் அறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். சுற்றும் வேகத்தில் அறுந்தால் நுனி முகத்தைத் தேடி வரும். பிடியின் வாயில் கயிறு வெண்மை படர்ந்து வெடித்திருந்தாலும் அதே கதிதான். அங்கே நாலு விரற்கடை வெட்டிவிட்டு முடிச்சை நகர்த்தலாம், நீளம் மிச்சம் இருந்தால்.

போட்டிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு வேகக் கயிறு வாங்கும் முன் அங்கே எண்ணும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேச விதிகளில் 30 வினாடி, 3 நிமிட வேகப் போட்டிகளில் இரு காலும் சேர்த்துக் குதிப்பதில்லை. ஓடுவதுபோல் கால் மாற்றித் தாண்ட வேண்டும், நடுவர் வலக்காலை மட்டும் எண்ணுவார். ஆகவே பி.வி.சி. கயிற்றிலேயே கால் மாற்றும் ஓட்டம் 30 வினாடிக்கு வலக்கால் 40 வரும்வரை பழகட்டும். கம்பிக் கயிறு அதற்கப்புறம்தான், அதுவும் நெஞ்சு மட்டத்துக்குக் குறைத்து, உறைக் கிழிசலை ஆட்டத்துக்கு முன் விரலால் தடவிப் பார்த்து.

ஒரே கயிறு மட்டும் வாங்கப் போகிறவர்களுக்கு: ஐந்து மில்லிமீட்டர் கெட்டி பி.வி.சி., பின்மூடி திறக்கும் பிளாஸ்டிக் பிடி, 150 ரூபாய்க்குள். கடையிலேயே மூடியைத் திருகிப் பார்த்து, பிள்ளையை நடுவில் மிதிக்கச் சொல்லி அளந்து, அண்ணாச்சியிடமே குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கயிறு ஆன்லைனில் வந்து சேரும்வரை இதில் தொடங்கலாம். வந்த பிறகு இது அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆகும்.